தானாகக் குவியும் கண்ணாடி: இப்போதே வாங்கலாமா?

கிள்ளான் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "அம்மாவுக்கு 71 வயது. மேலே ஒரு பவர், கீழே ஒரு பவர் உள்ள கண்ணாடி போடுகிறார். போன மாதம் வீட்டுப் படியில் இறங்கும்போது தடுமாறிவிட்டார். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் தானாக மாறும் மின்னணுக் கண்ணாடி வந்துவிட்டதாமே, வாங்கித் தரலாமா?"

அந்தத் தடுமாற்றத்துக்குக் கண்ணாடியும் காரணமாக இருக்கலாம். வெள்ளெழுத்துக்குத் தரும் கண்ணாடியின் கீழ்ப்பகுதி புத்தகம் படிக்கும் தூரத்துக்கானது. படி இறங்கும்போது காலடியைப் பார்ப்பதும் அதே பகுதி வழியாகத்தான். அப்போது படியின் விளிம்பு மங்கிவிடும். இத்தகைய கண்ணாடி அணியும் முதியவர்கள் கீழே விழும் வாய்ப்பு அதிகம் என்று 2002-இல் ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு சொன்னது. 'புரோகிரசிவ்' கண்ணாடிக்கும் இது பொருந்தும்.

மின்னணுக் கண்ணாடியின் உண்மையான பயன் இங்கேதான். நடக்கும்போது வில்லை முழுவதும் தூரப் பார்வைக்கு இருக்கும். படிக்கும்போது மட்டும் பவர் கூடும். 2011-இல் அமெரிக்காவில் 'எம்பவர்' என்ற கண்ணாடி வந்தது. வில்லைக்குள் மெல்லிய திரவப் படிகம். காதருகே விரலால் தொட்டால் மின்சாரம் பாய்ந்து பவர் மாறும். விலை ஆயிரம் டாலருக்கு மேல். இரண்டே ஆண்டில் அந்த நிறுவனம் மூடப்பட்டது. 2018-இல் ஜப்பானின் மிட்சுய் கெமிக்கல்ஸ் 'டச்ஃபோகஸ்' என்று அதே வழியில் ஒன்றைக் கொண்டுவந்தது. அதையும் தொட்டுத்தான் மாற்ற வேண்டும்.

தானாக மாறுவதுதான் கடினம். நாம் எதைப் பார்க்க நினைக்கிறோம் என்று கண்ணாடிக்கு எப்படித் தெரியும்? 2017-இல் யூட்டா பல்கலைக்கழகத்தார் மூக்குப் பாலத்தில் தூரம் அளக்கும் கருவி பொருத்தினார்கள். மூக்கு எதை நோக்குகிறதோ அதன் தூரத்தைத்தான் அது அளக்கும். கார் ஓட்டும்போது வேகமானியைக் கண்ணால் மட்டும் பார்க்கிறோம். மூக்கு சாலையைப் பார்த்தபடியே இருக்கிறது! கிட்டத்தில் பார்க்கும்போது இரு கண்களும் உள்நோக்கித் திரும்பும். 2019-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் இந்த அசைவைக் கவனித்துத் தூரத்தைக் கணித்தார்கள். நன்றாக வேலை செய்தது. ஆனால் அந்தக் கருவியை முகத்தில் மாட்டிக்கொண்டு பாசாருக்குப் போக முடியாது.

2023-இல் ஜப்பானில் 'விக்சியன்01' விலைக்கே வந்தது, அப்போது ஏறக்குறைய ஒரு லட்சம் யென். அதன் வில்லையோ சட்டைப் பொத்தானைவிடச் சிறியது. உட்கார்ந்து தைக்கலாம், படிக்கலாம். பக்கவாட்டுப் பார்வை சுருங்கிவிடும் என்பதால் படியிறங்க உதவாது. நம் வாசகரின் அம்மாவுக்குத் தேவையோ அதுதான். தினமும் சார்ஜ் செய்யும் வேலை வேறு.

ஆகவே இப்போது வேண்டாம். அம்மா அடிக்கடி வெளியே நடமாடுபவர் என்றால், தூரப் பார்வைக்கு மட்டும் தனிக் கண்ணாடி ஒன்று செய்து தாருங்கள். வெளியே போகும்போதும் படியிலும் அதைப் போடட்டும். 2010-இல் வெளியான ஆய்வொன்றில், நன்றாக நடமாடுபவர்கள் இப்படிச் செய்தபோது விழுவது குறைந்தது. வெளியே அதிகம் போகாதவர்களோ வெளியில் போன நேரங்களில் கூடுதலாக விழுந்தார்கள். அதனால் எல்லாருக்கும் இது ஒத்துவராது. கண் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கண்புரையும் இனிப்புநீரும் இருக்கின்றனவா என்று அப்போதே பார்த்துவிடலாம். படியின் விளிம்பில் பளிச்சென்று மஞ்சள் பட்டை ஒட்ட அதிகம் செலவாகாது. அதை இன்றைக்கே செய்யலாம்.