கறை எது என்று கேட்டுக் கொடுப்போம்

வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழா முடிந்த மறுவாரம் நம் கடைகளில் சோப்பு, நீலம், சலவைச் சோடா, பிளீச்சிங் பவுடர் ஆகியவை கூடுதலாக ஓடும் என்பது கல்லாவில் உட்காருகிற எவருக்கும் தெரிந்ததே. மஞ்சள் உடுத்தி அக்கினிச்சட்டி எடுத்தவர்கள் வீட்டிலும், ஆயிரங்கண் பானை சுமந்தவர்கள் வீட்டிலும், விருந்தாளிகளுக்குக் கறிக்குழம்பு பரிமாறிய வீடுகளிலும் துணி குவிந்து கிடக்கும். தரையும் அப்படித்தான். தாய்மார்கள் வந்து, "கறை போறதுக்கு ஏதாச்சும் குடுங்கண்ணே" என்பார்கள். நாமும் கைக்கு எட்டியதை எடுத்துக் கொடுத்து, காசை வாங்கிப் போட்டுக்கொண்டு அடுத்தவரைப் பார்க்கிறோம்.

இப்படிக் கேளாமல் கொடுப்பதை நாம் விட்டுவிட வேண்டும் என்பது என் கருத்து. என்ன கறை, எதன்மேல் பட்டது, எவ்வளவு நேரமாயிற்று என்ற மூன்று கேள்விகளைக் கேட்க அரை நிமிடம்கூட ஆகாது. பெரிய அங்காடிகளில் வாடிக்கையாளர் தாமே அலமாரியிலிருந்து எடுத்துக்கொள்கிறார்; அங்கே கேட்க ஆளில்லை. கைப்பேசியில் அழுத்தி வரவழைக்கும் சரக்கும் வாய் பேசாது. சிறு கடைக்கு மிஞ்சியிருக்கிற பலமே கேட்டுக் கொடுப்பதுதான்.

மஞ்சள் கறையையே எடுத்துக்கொள்வோம். சோப்புப் பட்டவுடன் அது இரத்தச் சிவப்பாக மாறும். துணியே கெட்டுவிட்டது என்று பயந்து பலர் உடனே பிளீச்சிங் பவுடரைத் தேடுகிறார்கள். மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற நிறப்பொருள் காரம் பட்டால் சிவக்கும். நன்றாக அலசினால் மறுபடி மஞ்சளாகிவிடும். அந்த நிறப்பொருளுக்கு வெயில் ஆகாது. சோப்புப் போட்டு அலசி, ஈரத்தோடு சித்திரை வெயிலில் இரண்டு மூன்று நாள் காயப்போட்டால் பெரும்பாலும் வெளுத்துவிடும். செலவு ஒரு சோப்புக்கட்டி. வெள்ளைப் பருத்தி வேட்டிக்குப் பிளீச்சிங் தெளிவு தாங்கும். சாயச் சேலைக்கு அது ஆகாது. பட்டுக்கும் கம்பளிக்கும் கூடவே கூடாது. பட்டு இழையும் நம் தலைமுடியும் புரதந்தான். பிளீச்சிங் அதைப் பழுப்பாக்கி அரித்துவிடும். கல்யாணப் பட்டு கெட்டுப்போன வீட்டார் பவுடர் கம்பெனியைத் திட்டமாட்டார்கள். கொடுத்த கடைக்காரரைத்தான் திட்டுவார்கள்.

பால், முட்டை, இரத்தம் பட்ட துணிக்குச் சுடுநீர் ஊற்றுவது நம் வீடுகளில் பழக்கமாகிவிட்டது. முட்டை வெந்து இறுகுவதுபோல அந்தக் கறையும் நூலுக்குள்ளேயே இறுகிவிடும். அதற்குப் பச்சைத் தண்ணீர்தான். பன்னீர் திராட்சைக் கறையோ நேர்மாறு. 2023-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற நம் கம்பம் பள்ளத்தாக்குத் திராட்சையின் சாறு பட்டால், சோப்புக் காட்டும்முன் எலுமிச்சைச் சாறோ வினிகரோ தடவ வேண்டும். பருத்தித் துணியானால் மேலிருந்து கொதிநீர் ஊற்றலாம். முதலிலேயே சோப்புப் போட்டால் நீலம் பாய்ந்து நிற்கும். துருக்கறைக்கு எலுமிச்சையும் உப்பும் தடவி வெயிலில் வைத்தால் போதும். அதற்குப் பிளீச்சிங் போட்டால் துரு இன்னும் அழுத்தமாகப் பிடித்துக்கொள்ளும். எண்ணெய்ப் பிசுக்குக்கு முகத்துக்குப் போடும் பவுடரோ கடலை மாவோ தூவி, அது எண்ணெயை உறிஞ்சிய பிறகு துவைக்கலாம். இவையெல்லாம் நம் கடையிலேயே இருக்கிற சரக்குகள்.

வாழைக்கறையைத் தனியாகச் சொல்ல வேண்டும். நம் வட்டாரத்தில் தார் வெட்டுகிறவர், சுமக்கிறவர், லாரியில் அடுக்குகிறவர் என்று எத்தனையோ குடும்பங்கள் வாழையால் பிழைக்கின்றன. வாழைப்பால் பட்டவுடன் கண்ணுக்கே தெரியாது. காற்றுப் பட்டுக் கறுத்து நூலோடு ஒன்றிய பிறகுதான் வீட்டில் பார்ப்பார்கள். பட்ட கையோடு நிறையத் தண்ணீரில் அலசினால் கொஞ்சமாவது போகும். காய்ந்து கறுத்த வாழைக்கறைக்கு இதை வாங்கு, அதை வாங்கு என்று மூன்று பொட்டலம் கட்டிக் கொடுப்பது எனக்குச் சம்மதமில்லை. "இது முழுசாகப் போகாது, வேலைக்கென்று ஒரு சட்டையை ஒதுக்கி வையுங்கள்" என்று சொல்லிவிடுவதே நாணயமான வியாபாரம். அன்றைக்குப் பத்து ரூபாய் குறையும். ஆனால் மாதச் சாமான் பட்டியல் நம்மிடமே வரும்.

துணியிலாவது நட்டம் துணியோடு போயிற்று. தரைக்கறை என்று வரும்போது நாம் கொடுப்பது பெரும்பாலும் ஆசிட். குளிர்பானப் பாட்டிலிலோ மதுப் பாட்டிலிலோ ஊற்றிய, பெயரும் எச்சரிக்கையும் இல்லாத உதிரி ஆசிட். சிமெண்டுத் தரையிலோ மொசைக்கிலோ அதை ஊற்றினால் நுரைத்துப் பொங்கும். கறை கரைகிறது என்று வீட்டார் மகிழ்வார்கள். உண்மையில் கரைவது தரை. சிமெண்டிலும் சலவைக்கல்லிலும் உள்ள சுண்ணாம்புச் சத்தை அமிலம் தின்றுவிடுகிறது. தரை சொரசொரப்பாகி அடுத்த கறையை முன்னைவிடச் சீக்கிரம் குடிக்கும். பீங்கான் ஓடு தாங்கினாலும் ஓடுகளுக்கு இடையே உள்ள சிமெண்டுப் பூச்சு தாங்காது. எண்ணெய்ப் பிசுக்கேறிய சமையற்கட்டுக்குச் சலவைச் சோடா கரைத்த வெந்நீரும் தேய்க்கும் பிரஷும் போதும். ஆழ்துளைக் கிணற்று நீரால் குழாயிலும் ஓட்டிலும் படியும் உப்புக்கறைக்கு வினிகரோ புளிக்கரைசலோ போதும். ஆனால் மொசைக்குக்கும் சலவைக்கல்லுக்கும் இந்தப் புளிப்புகூட ஆகாது.

ஆசிட் ஊற்றிய இடத்தில் கறை போகவில்லையென்று மேலேயே பிளீச்சிங் பவுடரைக் கொட்டுகிறவர்கள் உண்டு. இரண்டும் சேர்ந்தால் கிளம்புவது குளோரின் வாயு. 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்பர் அருகே ஜெர்மன் படை எதிரிப் பதுங்குகுழிகளின்மேல் திறந்துவிட்டது இதே வாயுவைத்தான். சன்னல் இல்லாத குளியலறையில் ஒரு பெண் குனிந்து தேய்க்கும்போது அது கிளம்பினால் என்னாகும் என்று எண்ணிப் பாருங்கள். இரண்டையும் ஒரே பையில் போட்டுக் கொடுக்கும்போது, "சேர்த்து ஊற்றாதீர்கள்" என்ற ஒரு வார்த்தையை நம்மில் எத்தனை பேர் சொல்கிறோம்?

சட்டத்தையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். 2005-இல் டில்லியில் அமிலம் வீசப்பட்ட பெண் ஒருவர் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013 ஜூலை 18 அன்று பிறப்பித்த உத்தரவு நம் கடைக்கும் பொருந்தும். வாங்குபவரின் பெயர், முகவரி, அளவு ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதாமல் ஆசிட் விற்கக் கூடாது. முகவரியுள்ள அரசு அடையாள அட்டையையும், வாங்கும் காரணத்தையும் கேட்க வேண்டும். 18 வயது நிரம்பாதவருக்கு விற்கவே கூடாது. இருப்பைக் கோட்ட நடுவரிடம் தெரிவிக்க வேண்டும். மீறினால் 50,000 ரூபாய் வரை அபராதம். அந்த உத்தரவுக்குச் சில மாதங்கள் முன்புதான் காரைக்காலில் அமில வீச்சுக்கு ஆளான இளம் பொறியாளர் ஒருவர் சென்னையில் சிகிச்சை பலனின்றி இறந்தார். கழிப்பறைக் கறைக்கு என்று விற்கும் சரக்கு எந்தக் கைக்குப் போகிறது என்பது கடைக்காரருக்குத் தெரியாமல் இருக்கலாகாது.

இன்னொன்று. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 86-ஆம் பிரிவைப் பலர் படித்திருக்க மாட்டார்கள். தயாரித்தவர் யாரென்று தெரியாத சரக்கால் தீங்கு நேர்ந்தால் விற்றவரே பொறுப்பு என்கிறது அது. தயாரிப்பாளர் சொன்ன எச்சரிக்கையை வாங்குபவருக்குத் தெரிவிக்காவிட்டாலும் விற்றவர் பொறுப்பே. கேனில் வரும் உதிரி ஆசிட்டுக்கும் உதிரி பினாயிலுக்கும் தயாரித்தவர் யார்? பில் இருக்கிறதா? குளிர்பானப் பாட்டிலைப் பார்த்து ஒரு குழந்தை எடுத்துக் குடித்துவிட்டால், வழக்கு நிற்கிற வாசல் நம் கடை வாசல்தான்.

"உதிரியில்தான் நாலு காசு நிற்கிறது, ஏழை வாடிக்கையாளர் கம்பெனிப் பாட்டிலுக்கு எங்கே போவார்?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். கழிப்பறைக்கென்று முத்திரையிட்டு வரும் திரவங்களில் பலவற்றிலும் அமிலந்தான் இருக்கிறது. ஆனால் நீர்த்து, பெயர் எழுதி, மூடியோடு வருகிறது. சிறு அளவிலும் கிடைக்கிறது. மற்றக் கறைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆசிட் தேவையே இல்லை என்பதைத்தான் மேலே சொன்னேன். சோடாவும் எலுமிச்சையும் விற்றால் நமக்கு நட்டமா என்ன? பக்கத்துக் கடைக்காரர் விற்கும்போது நான் மட்டும் ஏன் விட வேண்டும் என்பது அடுத்த வாதம். அதற்குத் தனிக் கடைக்காரர் பதில் சொல்ல முடியாது. சங்கம்தான் சொல்ல வேண்டும்.

ஆகவே அடுத்த பொதுக்குழுவில் உதிரி ஆசிட்டை விற்பதில்லை என்று தீர்மானம் போடலாம் என்பது என் யோசனை. மொத்த வியாபாரிகள் பெயர்ச்சீட்டில்லாத கேனை இறக்குவதை நிறுத்தினால் பாதி வேலை முடிந்தது. பிளீச்சிங் பவுடரையும் திரவங்களையும் அரிசி, பருப்பு, வினிகர் இருக்கும் தட்டிலிருந்து பிரித்து, குழந்தைகள் கைக்கு எட்டாத தட்டில் வைப்பதற்குத் தீர்மானம்கூடத் தேவையில்லை. இன்று மாலையே செய்யலாம்.

கூடவே, அடுத்த சித்திரையில் கோயில் கம்பம் நடுவதற்குள் கையகல அச்சுச் சீட்டு ஒன்று தயாராக வேண்டும். ஒரு பக்கம் எந்தக் கறைக்கு எந்தச் சரக்கு, எந்தத் துணிக்கு எது ஆகாது என்ற விவரம். மறுபக்கம் பெரிய எழுத்தில்: ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் கலக்காதீர்கள், உடம்பில் பட்டால் ஓடுகிற தண்ணீரில் 20 நிமிடம் கழுவுங்கள், குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் 108-ஐ அழையுங்கள். அச்சுச் செலவை மொத்தக் கடைக்காரர்கள் ஏற்றுக்கொண்டால், சில்லறைக் கடைக்காரர்கள் ஒவ்வொரு சோப்புப் பொட்டலத்தோடும் அதை மடித்து வைத்துக் கொடுத்துவிடலாம்.