புறவாசலில் எடுத்த படம்



விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பும் குடும்பத்தார் ஞாயிறு ஆராதனை முடிந்தவுடன் என்னிடம் கைப்பேசியை நீட்டிப் படங்களைக் காண்பிப்பதுண்டு. குற்றால அருவி, கன்னியாகுமரியில் சூரிய உதயம், இரயில் ஜன்னலில் சிரிக்கும் பிள்ளைகள். எல்லாவற்றையும் மகிழ்ச்சியோடு பார்த்துவிட்டு, “வீட்டின் புறவாசலை எடுத்தீர்களா?” என்று கேட்பேன். “அங்கே எடுப்பதற்கு என்ன ஐயா இருக்கிறது?” என்பார்கள் அநேகர். நான் ஏன் அப்படிக் கேட்கிறேன் என்பதை இம்மாதம் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

2006ஆம் ஆண்டில் வளைகுடாவிலிருந்து வந்த என் மைத்துனர் எனக்கு ஒரு டிஜிட்டல் கேமரா கொடுத்தார். ஐந்து மெகாபிக்சல், இரண்டு பென்சில் பேட்டரிகள், 256 எம்பி நினைவட்டை. இன்றைய பிள்ளைகள் கேட்டால் நகைப்பார்கள். ஊழியக்காரருக்குக் கேமரா எதற்கு என்று முகம் சுளித்தவர்களும் இல்லாமற் போகவில்லை. ஆனால் ஃபிலிம் சுருளில் 36 படங்களை எண்ணி எண்ணி எடுத்த எனக்கு, செலவின்றி நூறு படம் எடுக்கலாம் என்பது பெரிய காரியமாய் இருந்தது.

முதலில் சபை மக்களைத்தான் எடுத்தேன். வெள்ளை உடுத்தி வரிசையாய் நின்றவர்கள் படத்தில் சாம்பல் நிறமாய் வந்தார்கள்! கேமராவைக் குறை சொன்னேன், தவறு என்னுடையது. கேமராவிலுள்ள ஒளிமானி தன் முன் இருப்பது எதுவானாலும் நடுத்தரச் சாம்பல் என்றே எண்ணிக் கணக்கிடுகிறது. எங்கும் வெண்மையாயிருந்தால், வெளிச்சம் மிகுதி என்று நினைத்துக் குறைத்துவிடுகிறது. கூட்டல், கழித்தல் குறியிட்ட பொத்தானில் கூட்டல் பக்கம் ஒரு படி நகர்த்தினால் வெள்ளை வெள்ளையாகவே விழும். கைப்பேசியிலும் திரையைத் தொட்டு வெளிச்சத்தைக் கூட்டலாம். உங்கள் வீட்டுத் திருமணப் படங்களுக்கு இது உதவும்.

பின்பு சிவ்ரி கடலோரத்துச் சேற்றுநிலத்தில் பூநாரைகளைப் பார்க்கப் போனேன். மும்பையில் இருபது வருஷம் வாழ்ந்தும் அவற்றைப் பாராதவர்கள் நம்மில் உண்டு. குளிர்காலத்தில் வந்து கோடைமட்டும் தங்குகிற பறவைகள் அவை. தானே கழிமுகம் 2022இல் ராம்சர் ஈரநிலமாய் அங்கீகரிக்கப்பட்டது. சிவ்ரியிலிருந்து கடலைக் கடக்கும் அடல் சேதுப் பாலமும் 2024 ஜனவரியில் திறக்கப்பட்டுவிட்டது. நான் போன நாளிலோ தண்ணீர் வற்றியிருந்ததால் பறவைகள் எட்டாத் தூரத்தில் நின்றன. டிஜிட்டல் ஜூமை நம்பி எடுத்தேன். வந்தது இளஞ்சிவப்புக் கறைகள்தான். அந்த ஜூம் எதையும் அருகே கொண்டுவருவதில்லை. படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குகிறது, அவ்வளவே. கடல் ஏறுகிற வேளையில் போனால் சேறு மூழ்க மூழ்கப் பறவைகள் தாமாகவே கரையை நெருங்குகின்றன என்பதைப் பிற்பாடு கற்றுக்கொண்டேன்.

அவ்வருஷம் ஆகஸ்டு மாதத்தில் திருநெல்வேலிப் பக்கமுள்ள எங்கள் கிராமத்துக்குப் போனேன். அம்மா அப்பொழுது தனியாக இருந்தார்கள். மாலை வேளை. தொரட்டியை உயர்த்தி, புறவாசல் முருங்கையில் கீரை பறித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் துவைகல், ஒரு சாய்ந்த வாளி, கோழி இரண்டு. கேமராவோடு என்னைக் கண்டதும், “ஏல, இந்தக் கோலத்துலயா எடுக்க? சேல மாத்திட்டு வாறேன், பொறுல” என்றார்கள். நான் பொறுக்கவில்லை, ஏழெட்டுப் படங்கள் எடுத்தேன். வெளிச்சம் குறைவு, அம்மாவும் அசைந்துகொண்டேயிருந்தார்கள். எல்லாம் சற்றுக் கலங்கலாகவே விழுந்தன. மறுநாள் காலை புதுச் சேலையில் வீட்டு முகப்பில் நிமிர்ந்து நின்றார்கள். அது தெளிவாய் வந்தது. நியாயஸ்தலத்தில் சாட்சி சொல்ல வந்தவர்களைப்போல் நிற்கிறார்கள் அதில்.

திரும்பும் பிரயாணத்தில் புனேயைத் தாண்டியதும் நினைவட்டை நிறைந்துவிட்டது. லோனாவ்லாவிலிருந்து கர்ஜத்துக்கு இரயில் இறங்கும் மலைப்பாதையை நீங்கள் அறிவீர்கள். மழைக்காலத்தில் பாறைக்குப் பாறை அருவி. சுரங்கம் கடந்து வெளியே வருவதற்குள் படம் எடுத்துவிட வேண்டும். இடத்துக்கு என்ன செய்வது? சிறு திரையில் ஒவ்வொன்றாய்ப் பார்த்து, ‘நன்றாயில்லாதவை’களை அழித்தேன். முருங்கை மரத்துப் படங்கள் எல்லாம் போயின. அந்த இடத்தில் அருவிகளை நிரப்பினேன். அவற்றிலும் பாதி, ஜன்னல் கம்பியும் மழைத்துளியும்தான்.

அம்மா 2009இல் மரித்தார்கள். வீடு விற்கப்பட்டது. வாங்கினவர் மரத்தை வெட்டிக் கார் நிறுத்த இடம் அமைத்துக்கொண்டார். அது அவருடைய உரிமை. அடக்கத்துக்குப் பின் சகோதரிமார் படம் கேட்டபோது, என்னிடம் இருந்தது அந்தச் சாட்சிப் படமும் இன்னொன்றும் மாத்திரமே. அருவிகளோ கம்ப்யூட்டர் நிறைய இருந்தன. நான் அழித்ததை அவர்களிடம் சொல்ல எனக்கு நாலு வருஷம் ஆயிற்று.

2013இல் ஒரு வாலிபக்கூட்டத்துக்குப் பின் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் தம்பி ஒருவரிடம் தற்செயலாய் இதைச் சொன்னேன். “அந்தக் கார்டு இருக்கிறதா ஐயா?” என்றார். அந்தப் பிரயாணத்துக்குப் பின் ஒரு ஜிபி அட்டை வாங்கியிருந்ததால், பழையது மேசை இழுப்பறையில் அப்படியே கிடந்தது. அவர் விளக்கினார்: ‘அழி’ என்று நாம் அழுத்தும்போது கேமரா படத்தை அழிப்பதில்லை. பெயரை அட்டவணையிலிருந்து நீக்கி, அவ்விடம் காலி என்று குறித்துக்கொள்கிறது. வேறு படம் வந்து உட்காரும்வரை பழையது அங்கேயே இருக்கும். ஆகையால் தவறி அழித்தவர்கள் உடனே கேமராவை நிறுத்தி, அந்த அட்டையில் மேற்கொண்டு எதையும் எழுதாமல் விட்டால், போட்டோரெக் போன்ற இலவச மென்பொருளால் பெரும்பாலும் மீட்டுவிடலாம். புதிய கைப்பேசிகளில் இந்த வழி பெரும்பாலும் செல்லாது. அவற்றில் அழித்த படங்கள் சில நாட்கள் தங்கியிருக்கும் குப்பைத்தொட்டியை முதலில் பாருங்கள். நானோ நிறுத்தவில்லை, அம்மா இருந்த இடத்தின்மேல் அருவிகளைக் கொட்டினேன்.

அன்றிரவு பன்னிரண்டு மணிவரை அவர் முயன்றார். ஒரே ஒரு படம் கிடைத்தது. மேற்பாதியில் முருங்கைக் கிளையும் தொரட்டியின் நுனியும். கீழ்ப்பாதி முழுதும் சாம்பல் பட்டை. அம்மா அந்தச் சாம்பலுக்குள் இருந்தார்கள். நான் எழுந்து, “போதும் தம்பி” என்றேன். அவர், “பொறுங்கள் ஐயா” என்றார். கேமரா ஒவ்வொரு படத்தின் தலைப்பகுதியிலும், சிறு திரையில் சீக்கிரம் காண்பிப்பதற்காக, அதே படத்தின் சின்னப் பிரதி ஒன்றைச் சேர்த்து வைக்கிறதாம். அகலம் 160 புள்ளி, உயரம் 120 புள்ளி. பெரிய படம் பாதி அழிந்தும் அந்தத் தலைப்பகுதி தப்பியிருந்தது.

அதைத் தாளில் அச்சிட்டபோது அஞ்சல் தலையிலும் சிறியதாய் வந்தது. பெரிதாக்கினால் வெறும் கட்டங்களாய்ச் சிதறுகிறது. ஆகவே அந்த அளவிலேயே என் வேதாகம உறையின் உட்புறம் ஒட்டியிருக்கிறேன். துவைகல்லும் வாளியும் தெரிகின்றன. அம்மாவின் முகம் ஓர் எள்ளளவு. வாய் திறந்திருக்கிறது. என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள்.