கண்டக்டர் ஆக வேண்டும் என்றாள் ஒரு பெண்

சென்ற பொங்கல் விழாவன்று சங்க ஹாலில் சாப்பாட்டுப் பந்தி முடிந்து நாற்காலிகளை அடுக்கிக் கொண்டிருந்தோம். கூட நின்று உதவிய ஒரு பெண்ணிடம், நம் வயதுக்காரர்கள் எல்லோரும் கேட்கிற அந்த ஒரே கேள்வியை நானும் கேட்டேன். "பதினொண்ணாவது முடியப் போகுதே அம்மா, மேலே என்ன படிக்கப் போறே?"

"கண்டக்டர் ஆகணும் தாத்தா."

அவள் அப்பா சும்மா இருக்கவில்லை. "எந்த ரூட்டில்? ஹடப்சரா, நிக்டியா?" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். போதாக்குறைக்கு, "எங்கள் ரயில்வேயிலும் கண்டக்டர் உண்டு, முதல் வகுப்புப் பெட்டியில்" என்று என் பங்குக்கு ஒன்று போட்டேன். அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. "ஆர்க்கெஸ்ட்ரா கண்டக்டர்" என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த நாற்காலியைச் சரியாக அடுக்கி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் அவள் அப்பாவிடமிருந்து போன். "சார், நீங்க பெரியவர், இன்ஜினியர். நீங்க சொன்னா கேட்பா. கம்ப்யூட்டர் சயன்ஸ் எடுக்கச் சொல்லுங்க." சரி என்று ஒப்புக் கொண்டேன். வயலினில் மேல்நாட்டுச் சங்கீதம் வாசிக்கிறாள் என்றும், லண்டன் டிரினிட்டி கல்லூரியின் எட்டாம் கிரேடு பரீட்சை தேறியிருக்கிறாள் என்றும் அப்போதுதான் தெரிந்து கொண்டேன். ஒருவருக்குப் புத்தி சொல்லப் போகுமுன் விஷயத்தைத் தெரிந்து கொள்ள வேண்டும் அல்லவா? இரண்டு மாதம் படித்தேன், கேட்டேன். புத்தி சொல்லப் போன நான் இப்போது வேறு கட்சியில் நிற்கிறேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு சந்தேகம் எனக்கே இருந்தது. எல்லோரும் வாசிக்க, ஒருவர் மட்டும் சின்னக் குச்சியை ஆட்டிக் கொண்டு நிற்கிறாரே, அவர் செய்கிற வேலைதான் என்ன? நம் கச்சேரியில் அப்படி ஒருவர் கிடையாது. பாடுகிறவரே தொடையில் தாளம் போட்டுக் கொள்வார்; மிருதங்கக்காரர் கண்ணாலேயே பிடித்துக் கொள்வார். ஐந்து பேருக்குள் அது நடக்கும். எண்பது, நூறு பேர் உட்கார்ந்தால்?

இதற்கு எனக்குத் தெரிந்த உதாரணம் போர் காட் மலைப்பாதைதான். கர்ஜத்திலிருந்து லோணாவளா ஏறும் வண்டிக்குப் பின்னால் தள்ளு இன்ஜின்கள் போடுவார்கள். 37 அடிக்கு ஓர் அடி ஏற்றம். முன் இன்ஜின் டிரைவருக்குப் பின் இன்ஜின் தெரியாது, அவருக்கு இவர் தெரியாது. விசில் குறிப்பு வைத்துத்தான் இருவரும் ஒன்றாக இழுக்கவும் தள்ளவும் வேண்டும். ஒருவர் ஒரு நொடி முந்தினால் நடுவில் உள்ள இணைப்புகள் அத்தனையும் குலுங்கும். பிரயாணியின் டீ கொட்டும். எல்லோருமே கைதேர்ந்த டிரைவர்கள்தான். ஆனாலும் எல்லோருக்கும் பொதுவான ஒரு குறிப்பு வேண்டியிருக்கிறது. கண்டக்டர் அந்தக் குறிப்பு. அதோடு வேகம் எவ்வளவு, எங்கே ஓங்க வேண்டும், எங்கே அடங்க வேண்டும் என்பதையெல்லாம் ஒத்திகையிலேயே தீர்மானிக்கிறவரும் அவரே. தன் கையில் ஒரு வாத்தியமும் இல்லாமல் நூறு வாத்தியங்களின் பகுதியையும் மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

ஆபரா என்றால் சிக்கல் இரட்டிப்பு. அது பாடியே நடிக்கும் நாடகம். புனேக்காரர்களுக்கு பாலகந்தர்வர் மரபின் சங்கீத நாடகத்தைச் சொன்னால் போதும். நம் பக்கம் கிட்டப்பா காலத்து நாடகம். மேடையில் பாடகர்கள் நடந்து கொண்டும் சண்டை போட்டுக் கொண்டும் பாடுவார்கள். வாத்தியக்காரர்கள் மேடைக்குக் கீழே ஒரு பள்ளத்தில் இருப்பார்கள். இரு தரப்பும் ஒருசேரப் பார்க்கக் கூடியவர் கண்டக்டர் ஒருவரே. பாடகருக்கு மூச்சு முட்டினால் அவர்தான் கீழே உள்ளவர்களை ஒரு கணம் நிறுத்திப் பிடிக்க வேண்டும்.

இந்தத் தொழிலில் உலகப் புகழ் பெற்றவர் நம் பக்கத்து ஊர்க்காரர். 1936ல் பம்பாயில் பார்ஸி குடும்பத்தில் பிறந்த ஜுபின் மேத்தா. பெயர் நமக்குத் தெரியும். அவர் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அவர் தந்தை மேலி மேத்தா வயலின் கலைஞர். பம்பாய் சிம்பனி ஆர்க்கெஸ்ட்ராவைத் தொடங்கியவர். மகனுக்கு ஒன்பது வயதானபோது தந்தை வயலின் பயில நியூயார்க் போய் நான்கு வருஷம் அங்கேயே இருந்துவிட்டார். குடும்பத்தை விட்டுப் பிழைக்க வந்த நம்மவர்களுக்கு அந்த நான்கு வருஷத்தின் கனம் புரியும்.

பையனை டாக்டராக்க வேண்டும் என்பது வீட்டாரின் எண்ணம், குறிப்பாகத் தாயாரின் எண்ணம். பார்ஸி வீடானால் என்ன, பாலக்காட்டு வீடானால் என்ன! செயின்ட் சேவியர் கல்லூரியில் மருத்துவத்துக்கு முந்தைய படிப்பில் சேர்த்தார்கள். பாதியில் விட்டார். ஆனால் அதற்கு முன்பே, பதினாறு வயதிலேயே, தந்தையின் குழுவுக்கு ஒத்திகை நடத்தியிருந்தார். பதினெட்டு வயதில், 1954ல், வியன்னா போனார். ஹான்ஸ் ஸ்வரோவ்ஸ்கி என்ற ஆசிரியரிடம் சேர்ந்தார்.

அங்கே அவர் என்ன செய்தார் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. குச்சியைக் கையில் கொடுத்துவிடவில்லை. டபிள் பாஸ் என்னும் ஆளுயர வாத்தியத்தை வாசிக்கக் கற்றார். பெரிய கண்டக்டர்களின் ஒத்திகையை வெளியார் பார்க்க அனுமதி இல்லை. ஜுபினும் சகமாணவர் கிளாடியோ அபாடோவும் என்ன செய்தார்கள் தெரியுமா? சேர்ந்திசைக் குழுவில் பாடகர்களாகச் சேர்ந்து உள்ளே நுழைந்துவிட்டார்கள். புரூனோ வால்ட்டரையும் கரயானையும் எதிரில் நின்று பார்க்கும் இடம் அது. பிற்காலத்தில் அபாடோவும் உலகப் பெரும் கண்டக்டர் ஆனார். ஒர்க்‌ஷாப்பில் அப்ரென்டிஸாகச் சேர்ந்து, மேஸ்திரியின் கையைப் பார்க்க வேண்டுமென்றே கருவிப் பெட்டியைத் தூக்கிக் கொண்டு அவர் பின்னாலேயே அலைந்தவர்களுக்கு இது புரியும்.

1956ல் ஹங்கேரியில் கலகம் நடந்து அகதிகள் ஆஸ்திரியாவுக்கு ஓடி வந்தபோது, ஏழே நாளில் மாணவர் ஆர்க்கெஸ்ட்ரா ஒன்றைக் கூட்டி அகதி முகாமில் கச்சேரி செய்தார். 1957ல் படிப்பு முடித்து அவர் பெற்றது டிப்ளமா! டிகிரிக்காரர்கள் நடுவே முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்த டிப்ளமாக்காரன் நான். இதைப் படித்ததும் எழுந்து போய் இன்னொரு காபி கேட்டு வாங்கிக் குடித்தேன்.

1958ல் லிவர்பூல் சர்வதேசப் போட்டியில் முதல் பரிசு. 1962ல், இருபத்தாறு வயதில், லாஸ் ஏஞ்சல்ஸ் பில்ஹார்மானிக்கின் இசை இயக்குநர். அதன் பிறகு நடந்தது வேகமாகச் சொல்லக் கூடியதுதான்: 1965ல் நியூயார்க் மெட்ரோபாலிடன் ஆபராவில் 'ஐடா', 1978லிருந்து 1991 வரை நியூயார்க் பில்ஹார்மானிக், 1998லிருந்து 2006 வரை மியூனிக்கில் பவேரிய அரசு ஆபரா, 2019 வரை இஸ்ரேல் பில்ஹார்மானிக். 2001ல் நம் அரசு பத்ம விபூஷண் அளித்தது. 2013ல் ஸ்ரீநகர் ஷாலிமார் தோட்டத்தில் கச்சேரி செய்தார்.

"சார், அவர் அப்பாவே வித்வான். வீடே பள்ளிக்கூடம். நம்ம வீட்டில் அப்படியா?" என்று கேட்டார் பெண்ணின் தந்தை. நியாயமான கேள்வி. இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. இந்தியாவில் தொழில்முறை சிம்பனி ஆர்க்கெஸ்ட்ரா என்று சொல்லிக்கொள்ள ஒன்றுதான் இருக்கிறது. 2006ல் மும்பை என்.சி.பி.ஏ.வில் தொடங்கிய சிம்பனி ஆர்க்கெஸ்ட்ரா ஆப் இந்தியா. அதிலும் வாத்தியக்காரர்களில் பலர் வெளிநாட்டினர். வேலை எங்கே என்று கேட்டால் கடல் தாண்டித்தான் கையைக் காட்ட வேண்டும்.

ஆனால் கடல் தாண்டுவது நமக்குப் புதிதா? ஹிஞ்ஜவாடியில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளில் பாதிப் பேர் பெட்டியைக் கட்டி வைத்துக் கொண்டுதானே இருக்கிறார்கள்? 1990ல் பர்மிங்ஹாமில் பிறந்த இந்திய வம்சாவளி இளைஞர் அல்பேஷ் சௌஹான், செல்லோ வாசிக்கத் தொடங்கி, அதே ஊர் ஆபரா நிறுவனத்தின் இசை இயக்குநர் ஆகியிருக்கிறார். மரியா பாட்ஸ்டூ என்ற பெண் கண்டக்டர் பிறந்தது நம் பண்டர்பூரில். குழந்தையாகத் தத்துப் போய் டென்மார்க்கில் வளர்ந்தவர். விட்டலனின் ஊரில் பிறந்தவர் கையிலும் அந்தக் குச்சி இருக்கிறது.

"அது நம் சங்கீதம் இல்லையே" என்று சிலர் சொல்கிறார்கள். வயலின் மட்டும் நம்முடையதா? இருநூறு வருஷத்துக்கு முன் பாலுஸ்வாமி தீட்சிதர் அதைக் கற்றுக் கொண்டார். அவர் அண்ணா முத்துஸ்வாமி தீட்சிதரோ வெள்ளைக்காரன் பேண்டு மெட்டுகளுக்கு சம்ஸ்கிருதத்தில் சாகித்யம் செய்தார். 2025 மார்ச் 8ம் தேதி இளையராஜாவின் சிம்பனி லண்டனில் அரங்கேறியபோது நம் வீடுகளில் எவ்வளவு பெருமைப்பட்டோம்! பண்ணைப்புரத்துக்காரர் எழுதலாம், நம் தெருப் பெண் நடத்தக் கூடாதா?

என் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். என் மகன் ஆறு வருஷம் மிருதங்கம் கற்றான். பத்தாம் வகுப்பு வந்ததும், "பரீட்சை முடியட்டும்" என்று சொல்லி நான்தான் அதைப் பரணில் ஏற்றினேன். பிறகு பன்னிரண்டாம் வகுப்பு, பிறகு இன்ஜினியரிங், பிறகு வேலை. அவன் நன்றாக இருக்கிறான், என்னைக் குறை சொன்னதில்லை. சென்ற வருஷம் வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது பரணிலிருந்து அதை இறக்கினோம். வார் விட்டுப் போயிருந்தது, தோல் ஓரம் பிரிந்திருந்தது. பெயிண்டர் பையன், "பாபா, இதைத் தூக்கிப் போடவா?" என்று மராத்தியில் கேட்டான். மகன் ஒன்றும் சொல்லாமல் துணியால் துடைத்து மறுபடி மேலேயே வைத்தான்.

ஆகவே அந்தத் தந்தையிடம் நான் சொன்னது இதுதான். பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கட்டும், அதில் சமரசம் வேண்டாம். ஆனால் வயலினைப் பரணில் ஏற்றாதீர்கள். பியானோவும் கற்கட்டும், சேர்ந்திசையில் பாடட்டும், பத்துப் பிள்ளைகளைக் கூட்டி வைத்து ஒரு பாட்டை நடத்திப் பார்க்கட்டும். உழைப்புக்குப் பயந்தால் அவளே விட்டுவிடுவாள். நாம் தடுக்க வேண்டியதில்லை. சிரிக்க மட்டும் வேண்டாம்.

சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். நம் ஹால் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பூட்டியே கிடக்கிறது. வாத்தியம் கற்கும் நம் பிள்ளைகளுக்கு மூன்று மணி நேரம் வாடகையில்லாமல் திறந்து விடலாம். ஃப்ளாட்டில் வாசித்தால் பக்கத்து வீட்டார் கதவைத் தட்டுகிறார்கள். கதவைத் திறந்து பூட்டும் பொறுப்பை நான் ஏற்றுக் கொள்கிறேன். எனக்கு ஞாயிறும் திங்களும் ஒன்றுதான். செயற்குழு அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துக் கொள்ளும் என்று நம்புகிறேன்.

மும்பையில் அடுத்த கச்சேரிப் பருவம் வரும்போது நான், அந்தப் பெண், அவள் அப்பா மூவரும் போவதாக முடிவாகியிருக்கிறது. காலை டெக்கான் குயினில் போவோம். திரும்ப அதில் வர முடியாது. கச்சேரி தொடங்குமுன்பே அது மும்பையை விட்டுக் கிளம்பிவிடும். ராத்திரி தங்க மாடுங்காவில் இடம் பார்க்கிறேன் என்று அவள் அப்பாவே சொல்லியிருக்கிறார்.