ஒளிக்க வேண்டாத முகாம்

முதலாம் வகை நீரிழிவுள்ள பிள்ளைக்கு ஊசியின் நோவிலும் தனிமையே பெருஞ்சுமை என்பேன். தோழர் முன் நாணி, சீனி குறைந்து உடல் நடுங்கும் வேளையிலும் அது வாய்திறவாதிருக்கக்கூடும், ஆபத்து அங்கேதான்.

1922இல் ரொறன்ரோவில் 14 வயதுச் சிறுவனொருவனுக்கு இன்சுலின் முதன்முதல் ஏற்றப்பட்டது. 1925இலேயே அமெரிக்காவின் மிச்சிகனில் வைத்தியர் லெனார்ட் வென்ட் இப்பிள்ளைகளுக்கென முகாம் அமைத்துவிட்டார்! இன்றைய கோடை முகாம்களில் உணவுக்குமுன் எல்லாரும் சீனியளவு பார்க்கின்றனர். எல்லாருக்கும் இன்சுலின் உண்டு. தாதியர் அருகிருக்க, நீச்சலும் விளையாட்டும் நடக்கின்றன.

“இனிப்புத் தின்றதால் வந்த வினை” என்று பழிக்கும் நம் உறவினர் (அது முழுப் பொய்) அம்முகாமை ஒருநாளேனும் பார்த்திருக்கவேண்டும். உங்கள் பங்கில் இத்தகைய பிள்ளை இருப்பின், அதே நோயுள்ள இன்னொரு பிள்ளையின் வீட்டுக்கு அதனை அழைத்துச் செல்லுங்கள்; மருந்தை வைத்தியர் பார்த்துக்கொள்வார்.