கொடுப்பதற்கு முன் கேட்டோமா?

'தொலைவில் நடந்த போர்' என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே உள்ள கடல் ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். மயிலாப்பூரிலிருந்து செங்கற்பட்டுக்குப் போவதற்கே அதைவிட அதிக தூரம் செல்ல வேண்டும்! எனினும் அந்தப் போரைப்பற்றி இவ்வாண்டுவரை நாங்கள் அறிந்திருந்தது மிகச் சொற்பமே.

1983 ஜூலையில் இலங்கையில் வெடித்த இனக்கலவரத்திற்குப் பிறகு ஆயிரமாயிரம் தமிழர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு படகேறி இராமேசுவரம் கரைக்கு வந்தனர். அக்காலத்தில் அடையாற்றிலும் தியாகராய நகரிலும் வீட்டுக்கு வீடு துணியும் அரிசியும் திரட்டியதை எங்கள் தோழி ஒருத்தியின் பாட்டி இன்றும் சொல்வார். 2009 மே மாதத்தில் போர் முடிந்தது. ஆனால் 2021-ஆம் ஆண்டிலும் தமிழ்நாட்டில் 100-க்கும் மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேர் வாழ்ந்து வந்தனர். சென்னையிலேயே புழலில் ஒரு முகாம் இருக்கிறது. லஸ் முனையில் பேருந்துக்குக் காத்து நிற்கும் நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

தவக்காலத்தில் எங்கள் வகுப்பு ஒரு தீர்மானம் செய்தது. முகாம் குடும்பங்களுக்காக மூன்று வாரம் வீடுவீடாகச் சென்று பொருள் திரட்டினோம். தையல் அறை நிரம்பி வழிந்தது. பெருமை தாங்கவில்லை எங்களுக்கு! பிரித்துப் பார்த்தபோதுதான் முகம் சுருங்கியது. பொத்தானில்லாச் சட்டைகள், சாயம் போன பாவாடைகள், ஒற்றைக் காலணி ஒன்று. (ஒற்றைக் காலணியை யார் கொடுத்தார்கள் என்பது எங்களுக்குத் தெரியும், சொல்லமாட்டோம்.)

முகாமிலேயே பிறந்து வளர்ந்த அக்கா ஒருவர் அன்று வந்திருந்தார். எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார். பிறகு, "நல்ல மனசோட சேர்த்திருக்கிறியள், பிள்ளைகள். ஆனா என்ன வேணும் எண்டு எங்களை ஒருத்தரும் கேக்கேல்லைத்தானே?" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்போம். சிரித்துக்கொண்டே சொன்னார்.

என்ன வேண்டும் என்று அப்போதுதான் கேட்டோம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு வழிகாட்டி நூல்கள், மாலையில் படிக்க வெளிச்சமுள்ள ஓர் இடம் என்றார். ஆம், எங்கள் வயதுப் பிள்ளைகளுக்கு, நாங்கள் எழுதும் அதே தேர்வுக்கு!

இதில் புதுமை எதுவும் இல்லை என்பதைப் பின்னர் அறிந்தோம். தந்தை செல்வாவின் மகன் திரு. சந்திரகாசன் 1984-இல் சென்னையில் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தை நடத்தியவர்கள் ஏதிலியரே. சான்றிதழ் எதுவுமின்றி ஓடிவந்த மாணவர்கள் படிப்பைத் தொடர வழி செய்வதையே அவர்கள் தம் முதற் பணிகளுள் ஒன்றாகக் கொண்டார்கள். துன்பப்பட்டவருக்கே தம் தேவை தெரியும் அன்றோ? 1991-க்குப் பின் சில ஆண்டுகள் அம்மாணவர்களுக்குக் கல்லூரிக் கதவுகள் அடைபட்டிருந்தன என்று படித்தபோது, அன்று பதினைந்து வயதிலிருந்த பெண்களை நினைத்துக்கொண்டோம்.

2021-இல் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்னும் பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. நல்லதே. ஆனால் இந்திய மண்ணிலேயே பிறந்தும் அவர்களுள் பெரும்பாலோருக்குக் குடியுரிமை இல்லை. பெயர்ப்பலகை மாறினால் போதுமா? திருக்குடும்பம் ஏரோதுக்கு அஞ்சி எகிப்துக்கு ஓடியதை ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் நாடகத்தில் நடிக்கிறோம். எகிப்தில் அவர்களுக்கு வீடு கொடுத்தது யார், என்ன கேட்டுக் கொடுத்தார் என்று நாம் ஒருநாளும் யோசித்ததில்லை.

'முகாம்களில் நிரந்தரமாக வாழ்பவருக்கு நாம் என்ன செய்ய முடியும்?' என்று சிலர் கேட்கிறார்கள். குடியுரிமை வழங்க எங்களால் இயலாதுதான். கணக்குப் பாடம் சொல்லித்தர இயலும். பெரிய வகுப்பு அக்காமார் அறுவர் சனிக்கிழமைதோறும் அதற்கு முன்வந்துள்ளனர். திரட்டிய பணத்தில் வழிகாட்டி நூல்கள் வாங்கியாயிற்று. நல்ல துணிகளைத் தேர்ந்து அனுப்பிவிட்டோம். மற்றவை இரண்டு மூட்டைகளாகத் தையல் அறை மூலையில் இன்னும் கிடக்கின்றன. கொடுத்த வீடுகளிலேயே திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று வகுப்பில் விவாதம் நடக்கிறது.