வெட்டு நடுவில் விழட்டும்

சாப்வித் கேமல் எஃப்.1 கிட்டைக் கப்பலுக்கான 2எஃப்.1 ஆக மாற்றும் வேலை பெரும்பாலும் ஒரே மாதிரி நடக்கிறது. இரண்டு விக்கர்ஸ் துப்பாக்கிகளில் ஒன்றைக் கழற்றி, மேலிறக்கையின் மீது ஒரு லூயிஸ் துப்பாக்கியை ஏற்றி, கடற்படை எண்ணை ஒட்டினால் மாடல் தயார். இறக்கையில் யாரும் கை வைப்பதில்லை. ஆனால் எஃப்.1-ன் இறக்கை நீளம் 28 அடி, 2எஃப்.1-ன் நீளம் 26 அடி 11 அங்குலம். இந்த 13 அங்குலம் 1/48 அளவில் ஏறக்குறைய 7 மில்லிமீட்டர். இதை விட்டுவிட்டுச் செய்யும் கன்வெர்ஷன், துப்பாக்கி மாற்றிய எஃப்.1 மட்டுமே.

அளவைக் கவனிப்பவர்களிலும் சிலர் இறக்கை நுனிகளை இருபுறமும் மூன்றரை மில்லிமீட்டர் அறுத்து, உப்புத்தாள் போட்டு வளைவைத் திரும்ப வரவழைக்கிறார்கள். மொத்த நீளம் சரியாகிவிடும், விமானம் சரியாகாது. 2எஃப்.1-ல் குறுகியது மேலிறக்கையின் நடுத்துண்டு. விமானியின் தலைக்கு முன்னால் அந்தத் துண்டைத் தாங்கும் ஸ்ட்ரட்டுகளும் மரத்திலிருந்து மெல்லிய எஃகுக் குழாய்க்கு மாறின. ஆகவே ரம்பம் விழ வேண்டிய இடம் நடுத்துண்டு. கீழிறக்கையிலும் உடலை ஒட்டிய பக்கத்தில் அதே அளவு குறைத்தால்தான் வெளி ஸ்ட்ரட்டுகள் பழைய சாய்விலேயே நிற்கும். கிட்டில் வரும் தட்டையான ஸ்ட்ரட்டுகளை எறிந்துவிட்டு மெல்லிய பித்தளைக் கம்பியை வெட்டி வைத்துப் பாருங்கள். முன்பக்கத் தோற்றமே மாறிவிடும். நுனியை வெட்டியவருக்கு இந்த மாற்றம் கிடைக்காது. நுனியின் அழகான வளைவும் ஓரத்து ரிப் வரிசையும் போனதுதான் மிச்சம்.

ஏழு மில்லிமீட்டரை யார் பார்க்கப் போகிறார்கள் என்ற கேள்வி நியாயமானதே. ஒற்றை இறக்கை விமானமென்றால் நானும் ஓரளவு ஒத்துக்கொள்வேன். பைப்ளேனில் நடுத்துண்டு, ஸ்ட்ரட், ரிக்கிங் கம்பி எல்லாம் ஒன்றையொன்று பிடித்து நிற்பவை. ஒன்றின் இடம் தவறினால் கம்பிகளின் கோணம் அதைக் காட்டிக்கொடுக்கும். கௌலிங்குக்குள் பாதி மறைந்துபோகும் பென்ட்லி என்ஜினின் 9 சிலிண்டர்களுக்கு ஒரு வாரம் செலவிடும் நாம், எல்லார் கண்ணிலும் படும் இறக்கைக்கு ஒரு மாலைப்பொழுதைத் தரலாம்.

வரைபடங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை என்ற மறுப்பு இதைவிடக் கனமானது. அப்போது வகையை விட்டுவிட்டு ஒரே ஒரு விமானத்தைப் பிடித்துக்கொள்வதே வழி. 1918 ஆகஸ்ட் 11 அன்று, நாசகாரிக் கப்பல் இழுத்துச் சென்ற மிதவையிலிருந்து எழும்பி எல் 53 செப்பெலினை ஸ்டூவர்ட் கல்லி வீழ்த்திய என்6812, இன்று லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தப் பறப்பில் அதில் விக்கர்ஸ் கிடையாது. மேலிறக்கை மீது இரண்டு லூயிஸ் துப்பாக்கிகள். வழக்கமான 2எஃப்.1 செட்டை மாட்டி என்6812 என்று எண் ஒட்டினால், அந்த நாளில் பறந்த விமானம் அதுவாகாது. பல வரைபடங்கள் தீர்க்காத சந்தேகத்தைக் குறிப்பிட்ட ஒரு விமானத்தின் ஒரு புகைப்படம் தீர்த்துவிடும்.

இனி இந்த இதழுக்குக் கன்வெர்ஷன் கட்டுரை அனுப்புவோர், வண்ணம் பூசிய படங்களோடு, ரம்பம் விழுந்த இடத்தை அளவுகோலுடன் காட்டும் படம் ஒன்றையும் சேர்த்து அனுப்ப வேண்டுகிறோம்.