சுத்தபோசனம்: தட்டில் தொடங்கும் அன்பு

2019-ஆம் ஆண்டுத் தவக்காலத்திற்கு முன்பாக, 12 வயது அமெரிக்கச் சிறுமி ஒருவர், அப்போதைய திருத்தந்தை பிரான்சிசுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார். தவக்காலம் முழுவதும் இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகியவற்றைத் திருத்தந்தை தவிர்க்க வேண்டும் என்பதே அது. அவர் இசைந்தால், அவர் விரும்பும் அறப்பணிக்குப் பத்து லட்சம் டாலர் தருவதாக, சிறுமியின் பின்னால் இருந்த இயக்கம் அறிவித்தது. திருத்தந்தை அப்படி எதையும் அறிவிக்கவில்லை. ஆயினும், பணத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், அச்சிறுமியின் கேள்வி நம் சாப்பாட்டுத் தட்டின் முன்னும் நிற்கிறது.

இம்முறையை 'வீகன்' என்கிறார்கள். தமிழில் 'நனிசைவம்' என்ற சொல் வழங்குகிறது. நம் ஊர்ச் சைவத்தில் பாலுக்கும் தயிருக்கும் இடமுண்டு. நனிசைவர்களோ தேனைக்கூடத் தொடுவதில்லை. சுற்றுச்சூழல், உயிரிரக்கம், உடல்நலம் என்று மூன்று காரணங்களைச் சொல்கிறார்கள்.

முதல் காரணத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. மனிதச் செயல்களால் வெளியாகும் பசுங்குடில் வாயுக்களில் 14.5 விழுக்காடு கால்நடை வளர்ப்பால் வருவதாக, ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண் அமைப்பு 2013-இல் கணக்கிட்டது. 2023-இன் கணக்கில் அது ஏறத்தாழ 12 விழுக்காடு. மாடுகள் வெளியிடும் மீத்தேனும், மேய்ச்சலுக்காக அழிக்கப்படும் அமேசான் காடுகளும் இதில் அடங்கும். பூமியின் அழுகுரலும் ஏழைகளின் அழுகுரலும் வேறுவேறல்ல என்று 'இறைவா உமக்கே புகழ்' சுற்றுமடல் 2015-இல் நமக்கு நினைவூட்டியது.

இரண்டாவது, உயிரிரக்கம். படைப்பின் தொடக்கத்தில் மனிதருக்கு உணவாகக் கொடுக்கப்பட்டவை செடிகளும் கனிகளுமே (தொநூ 1:29). இறைச்சிக்கான அனுமதி வெள்ளப்பெருக்கிற்குப் பின் வருகிறது (தொநூ 9:3). உயிர்த்த ஆண்டவரும் சீடர் முன் மீன் உண்டார் (லூக் 24:42-43). எனவே இறைச்சி உண்பது பாவமன்று. ஆனால், தேவையின்றி விலங்குகளைத் துன்புறுத்துவதும் கொல்வதும் மனித மாண்புக்கு முரணானது என்று திருச்சபையின் மறைக்கல்வி கற்பிக்கிறது (எண் 2418). சிறகை விரிக்கக்கூட இடமில்லாத கூண்டில் அடைபட்ட கோழியை நினைத்தால், இப்போதனை நம் சமையலறை வரை வந்துவிடுகிறது.

மூன்றாவதில் நிதானம் தேவை. பி12 உயிர்ச்சத்து தாவர உணவில் போதிய அளவு கிடைப்பதில்லை. நனிசைவர்கள் அதைத் தனியே எடுத்துக்கொள்ள வேண்டும். 2019-21-இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. சத்துணவில் முட்டை பெறும் ஏழைக் குழந்தையிடமும், கடலை நம்பி வாழும் மீனவக் குடும்பத்திடமும் போய், "இதை விட்டுவிடுங்கள்" என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. தவம் நிறைந்த தட்டிலிருந்தே தொடங்கவேண்டும்.

இங்கே நம் பழைய சொல் ஒன்றையும் சிந்திப்போம். இறைச்சி விலக்கும் நாளைச் 'சுத்தபோசன நாள்' என்கிறோம். அப்படியானால் இறைச்சி அசுத்தமா? எல்லா உணவும் தூயதே என்பது ஆண்டவரின் போதனை (மாற் 7:19). உணவை வைத்து மனிதரைத் தூயோர், தீட்டானோர் என்று பிரித்த நாடு இது. 2015-இல் உத்தரப்பிரதேசத்தின் தாத்ரியில், மாட்டிறைச்சி வைத்திருந்ததாகச் சொல்லி ஒருவர் அடித்தே கொல்லப்பட்டார். உண்பவரும் உண்ணாதவரும் ஒருவரையொருவர் இழிவாக எண்ணலாகாது என்ற பவுலடியாரின் அறிவுரை (உரோ 14:3) இன்று நமக்கு எவ்வளவு தேவை! நாம் இறைச்சியை விடுவது அது தீட்டு என்பதற்காக அல்ல. நல்லதொன்றை அன்பிற்காக விடுவதே ஒறுத்தல்.

அந்தச் சிறிய ஒறுத்தல் வீண்போவதில்லை. இங்கிலாந்து, வேல்ஸ் ஆயர்கள் 2011 செப்டம்பரில் வெள்ளிக்கிழமை சுத்தபோசனத்தை மீண்டும் கடைப்பிடிக்க அழைத்தார்கள். கத்தோலிக்கரில் ஏறத்தாழ நான்கில் ஒருவரே தம் உணவுப்பழக்கத்தை மாற்றிக்கொண்டனர். ஆயினும், அதனால் ஆண்டுக்கு 55,000 டன்னுக்கும் மேற்பட்ட கரிம வெளியீடு குறைந்ததாகக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-இல் கணக்கிட்டார்கள். தவத்திற்காகச் செய்தது பூமிக்கும் நன்மையாயிற்று.

நம் நிலை என்ன? தவக்கால வெள்ளியில் ஆட்டுக்கறிக்குப் பதில் விலையுயர்ந்த வஞ்சிர மீன். பாஸ்கா முடிந்ததும் மற்ற வெள்ளிகளை மறந்துவிடுகிறோம். சட்டம் நிறைவேறுகிறது, தவம் நிறைவேறுகிறதா? பசித்தோருக்கு நம் உணவைப் பகிர்ந்து கொடுப்பதே ஆண்டவர் விரும்பும் நோன்பு (எசா 58:7).

எனவே, வசதியுள்ள நாம் ஆண்டு முழுவதும் வெள்ளிக்கிழமைகளில் எளிய காய்கறி உணவு உண்போம். அன்று கறிக்கடையில் செலவாகியிருக்கும் பணத்தை ஒரு உண்டியலில் போடுவோம். மாதக் கடைசியில் அது நம் பங்கிலுள்ள ஒரு ஏழை வீட்டின் அடுப்பை எரியவைக்கட்டும். அந்த வீட்டார் அதில் முட்டையோ மீனோ வாங்கிச் சமைத்தால், அதற்காகவும் இறைவனுக்கு நன்றி சொல்வோம்.